பல் டாக்டரிடம் போன குடும்பம்

மனிதர்களில் ‘சரியாயிடும்’ என்றொரு இனம் உண்டு. நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. பைக்கில் லேசாக ஒரு கடகட சத்தம் கேட்டால் அன்றைக்கே மெக்கானிக்கைத் தேடி ஓடுவார்கள். செல்போன் கொஞ்சம் சூடானால் சர்வீஸ் சென்டர் வாசலில் தவம் கிடப்பார்கள். பெற்ற பிள்ளை மாதக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், சுவரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மட்டும், “வயசு அப்படி, சரியாயிடும்” என்று சொல்லிவிட்டு டீயை உறிஞ்சுவார்கள். பொறுமை என்றால் அப்படியொரு பொறுமை.

நம்மவர் லிப்ட் மெக்கானிக். தொழிலில் புலி. “சின்னதா ஒரு சத்தம் வந்தாலே போன் பண்ணணும் சார். நடுவுல நின்னப்புறம் கூப்பிட்டா நான் என்ன பண்றது?” என்று ஊரில் உள்ள வாட்ச்மேன்களையெல்லாம் பிடித்துக் காய்ச்சி எடுப்பவர். அவருக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். சரியான வாயாடி. அப்படிப்பட்டவள் நான்கு மாதமாக வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. பள்ளி நாட்களில் விடிந்தால் வயிற்றுவலி. வீட்டிலும் எது கேட்டாலும் தலையாட்டல்தான். டீச்சர் மூன்று முறை போன் செய்துவிட்டார்.

நம்மவர் சும்மா இருந்தாரா? குடற்பூச்சிக்கு மருந்து கொடுத்தார். வயிற்றை ஸ்கேன் எடுத்தார். தண்ணீர் பாட்டிலை மாற்றினார், பையை மாற்றினார், வேனில் உட்காரும் இடத்தைக்கூட மாற்றினார். அவளிடம் உட்கார்ந்து பேசுவது ஒன்றைத்தான் செய்யவில்லை.

“டீச்சர் ஒரு டாக்டர் நம்பர் குடுத்திருக்காங்க. குழந்தைங்க மனசைப் பார்க்கிறவங்களாம்” என்றாள் மனைவி.

“எம் பொண்ணு என்ன பைத்தியமா? நானும் சின்ன வயசுல ஊமைக்கோட்டானாத்தான் இருந்தேன். இப்ப நல்லா இல்ல?”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன். வர்றதுன்னா வாங்க” என்றாள்.

வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. யாராவது கேட்டால் பல் டாக்டரிடம் போவதாகத்தான் சொல்ல வேண்டும். மகளிடமும் அப்படித்தான். ஏனென்றால் அவள் வெளியில் உளறிவிடுவாளாம். நான்கு மாதமாக வாயே திறக்காத பெண்!

ஒரு பொய்யைக் காப்பாற்றுவது லேசான காரியமா? எதிர்வீட்டு அக்கா எந்தப் பல் என்று கேட்டாள். இடது கடைவாய் என்றார். மறுநாள் அவள் வீட்டுக்காரர் கேட்டபோது வலது பக்கம் என்று சொல்லித் தொலைத்தார். மனைவியின் சித்தப்பா போனில் கிராம்பு எண்ணெய் தடவச் சொன்னார். வியாழக்கிழமைக்குள் அந்த இல்லாத சொத்தைப் பல்லைப் பற்றி இந்தக் குடும்பம் பேசிய பேச்சில் கால்வாசியை அந்தப் பெண்ணிடம் பேசியிருந்தால் டாக்டருக்கே வேலை இருந்திருக்காது.

சனிக்கிழமை. குட்டை மேசை, கலர் பென்சில்கள், ஒரு கரடி பொம்மை. மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். வாயை ஆவென்று திறந்தாள்.

டாக்டரம்மா பெற்றோரைப் பார்த்தார். மனைவி கணவனைப் பார்த்தாள். கணவன் கரடியைப் பார்த்தார்.

“பல்லுன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்தேன் டாக்டர்” என்றார் கடைசியில், வாய்க்குள்ளேயே.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “வாயை மூடிக்கோம்மா. நான் ஊசி போடமாட்டேன். மனசு கஷ்டமா இருக்கிற பிள்ளைங்களோட பேசுறதுதான் என் வேலை. உனக்குத் தோணினா பேசு. இல்லேன்னா படம் வரையலாம்.”

மகள் ஒரு பச்சைப் பென்சிலை எடுத்தாள். அரைப் பக்கம் வெறுமனே கோடு கிழித்தாள். பிறகு தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“கிளாஸ்ல சத்தமா படிக்கும்போது மட்டும் எனக்குத் திக்குது. எல்லாரும் என்னை மாதிரியே திக்கிக் காட்டுறாங்க. முத நாளே அப்பாகிட்ட சொன்னேன். சரியாயிடும்னு சொன்னாங்க. அதான் வெயிட் பண்றேன்.”

நம்மவர் மறுபடியும் கரடியைப் பார்த்தார். அவள் சொன்னது நினைவிருந்தது. சொன்னபோது ஒரு லிப்டின் கதவுச் சத்தத்தைப் பற்றிப் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். அதுவும் நினைவிருந்தது.

“நாங்க எப்ப வந்திருக்கணும் டாக்டர்?”

“தூக்கம், சாப்பாடு, பேச்சு, ஸ்கூலுக்குப் போறது, இதுல ஏதாவது மாறி ரெண்டு மூணு வாரம் அப்படியே இருந்தா வந்து கேட்கலாம். கேட்டுட்டு ஒண்ணுமில்லேன்னு திரும்பிப் போறவங்களும் உண்டு. இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகல. அடுத்த சனிக்கிழமை வாங்க.”

வீட்டு வாசலில் எதிர்வீட்டு அக்கா காத்திருந்தாள். “பல்லைப் பிடுங்கிட்டாங்களா?”

மகள் அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். “பல்லு இல்லக்கா. மனசு டாக்டர்கிட்ட போயிட்டு வர்றோம். அடுத்த வாரமும் போவோம்.”

அக்கா முகம் ஒரு மாதிரியானது. அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அந்த நம்பரைக் குடுங்களேன். எனக்கில்ல, எங்களுக்குத் தெரிஞ்சவங்க பையனுக்கு” என்றாள்.

அவளுடைய பையன் பின்னால் கதவோரம் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றான்.

நீங்களும் இவ்வளவு தூரம் பொறுமையாகப் படித்துவிட்டீர்கள். தெரிந்தவர்களுக்காகத்தானே?