காத்துல கேக்கலங்க

இருபத்திரண்டு வருஷமாகத் தன் பேச்செல்லாம் காற்றோடு போய்க்கொண்டிருக்கிறது என்பதை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல் தேய்க்கும்போது சர்வேயர் கண்டுபிடித்தார். வாயில் நுரையோடு அங்கேயே சபதம் போட்டார்.

"இனிமே என் பேச்சுல ஒரு வார்த்தை வீணாகக் கூடாது!"

"முதல்ல துப்பிட்டுப் பேசுங்க" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

நிலம் அளப்பது அவர் தொழில். மிச்ச நேரத்தில் வாயால் அளப்பார். நிலத்துக்காவது எல்லைக்கல் உண்டு. மனைவிக்குப் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. 'பதினேழாம் எண் பேருந்து மூன்றாம் மேடையிலிருந்து புறப்படுகிறது' என்று தேன் தடவின குரலில் எட்டு மணி நேரம் சொல்லிவிட்டு வருவாள். வீட்டுப் படி ஏறியதும் அந்தக் குரலுக்கு லீவு. அவர் பேசுவார், அவள் துணி மடிப்பாள். பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம்.

சிக்கல் சாலையில்தான். சர்வேயரிடம் ஒரு பெரிய டூரிங் மோட்டார் சைக்கிள் இருந்தது. எருமை உடம்பு. இரண்டு பக்கமும் பீரோ மாதிரிப் பெட்டிகள். பின்சீட்டுக்குச் சோபா மாதிரி முதுகுச் சாய்வு. மாதம் ஒருமுறை இருவரும் எங்காவது தொலைதூரம் போவார்கள். இந்தப் பாலம் ஏன் கோணலாக நிற்கிறது, அந்த மலையை யார் தப்பாக அளந்தார்கள் என்று அவர் வழியெல்லாம் கொட்டிக்கொண்டே போவார். டீக்கடையில் இறங்கி, "எப்படி நான் சொன்னது?" என்று ஆவலாகக் கேட்பார்.

"காத்துல கேக்கலங்க" என்பாள்.

ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. இருபத்திரண்டு வருஷம்!

அன்றைக்கே வண்டியை எடுத்துக்கொண்டு டெசிபல் கடைக்குப் போனார். டெசிபல், கார்களுக்கு ஸ்பீக்கர் மாட்டுகிறவர். ஊரே வைத்த பெயர் அது. அவருக்கே காது கொஞ்சம் மந்தம் என்பதால் வைத்தார்களா, மற்றவர்கள் காதையும் மந்தமாக்குவதால் வைத்தார்களா என்பது தெரியாது.

"பாட்டு நல்லா அதிரணுமா சார்?"

"பாட்டா? பாட்டு எதுக்கு? அதான் நான் இருக்கேனே!"

டெசிபல் ஒருமுறை காதைக் குடைந்துகொண்டார்.

சர்வேயர் படமே போட்டுக்கொண்டு வந்திருந்தார், அளவுகளோடு. அவர் ஹெல்மெட்டுக்குள் ஒரு மைக். அதில் பேசினால் பின்சீட்டுச் சாய்வில் மனைவியின் காதோரம் இரண்டு ஸ்பீக்கர் ஒலிக்கும். அவள் ஹெல்மெட்டிலும் ஒரு மைக். அது முன்கண்ணாடிக்குக் கீழே இவருக்கான இரண்டு ஸ்பீக்கரில் வரும். சீட்டுக்கு அடியில் ஆம்ப்ளிஃபயர். மழை பெய்தாலும் கெடாத சாமான். "காத்து, மழை, புயல் எது வந்தாலும் என் குரல் கேக்கணும்" என்றார். டெசிபல் தலையாட்டினார். கேட்டதா என்று தெரியவில்லை.

விஷயம் தெரிந்தால் மனைவி ஒரு ஆட்டம் ஆடுவாள் என்று பயந்துகொண்டே இருந்தார். அவளோ அடுத்த லீவு நாளில் தானாகவே கடைக்கு வந்து, வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண்ணில் அப்படி ஒரு ஆர்வம்.

"இந்த நீல ஒயர் எங்க போகுது?"

"அது ஆம்ப்ளிஃபயருக்கும்மா" என்றார் சர்வேயர், உச்சி குளிர்ந்துபோய்.

"இந்தப் பெட்டிக்குள்ள குட்டியா ஒரு ஓட்டை இருக்கே, அது?"

"பென்டிரைவ் சொருக. பாட்டுக் கேக்கறவங்களுக்கு. நமக்கு வேண்டாம்."

"பாட்டு முடிஞ்சா நின்னுடுமா, திரும்ப வருமா?"

"நிறுத்தற வரைக்கும் சுத்திச் சுத்தி வரும் மேடம்" என்றார் டெசிபல்.

இத்தனை கேள்வியா! கல்யாணமான நாளிலிருந்து அவள் தன்னிடம் கேட்ட கேள்விகளை எல்லாம் கூட்டினாலும் இத்தனை தேறாது என்று சர்வேயருக்குத் தோன்றியது. எஞ்சினை முடுக்கியபோது ஸ்பீக்கரில் கொசு கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. டெசிபலும் சர்வேயரும் அரை நாள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவள் குனிந்து ஒரு பார்வை பார்த்தாள்.

"எர்த் ஒயரை நேரா பேட்டரிக்குக் கொண்டுபோங்க. எங்க மைக்லயும் இப்படித்தான் கத்திட்டு இருந்துச்சு."

அப்படியே செய்தார்கள். கொசு செத்தது. டெசிபல் அதற்குப் பிறகு எந்தச் சந்தேகம் வந்தாலும் மேடத்தைத்தான் கேட்டார்.

முதல் பயணத்துக்கு நாள் குறித்தார்கள். இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு ஏரி.

"போற வழியிலதான் தங்கச்சி வீடு. புது வீட்டுக்கு வந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு எட்டு..." என்று ஆரம்பித்தாள்.

"வர்றப்போ பாத்துக்கலாம்மா."

"வர்றப்போ நேரமாயிடுச்சும்பீங்க. போன தடவையும் அப்படித்தான்."

"வண்டி ஒரு சீரா போறப்போ நிறுத்தக் கூடாதும்மா. ஓட்டம் கெட்டுடும்."

அவள் மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. சர்வேயர் அதைச் சம்மதம் என்று குறித்துக்கொண்டார்.

கிளம்பின முதல் ஒரு மணி நேரம் சோதனை ஓட்டம். "கேக்குதா?" "கேக்குதுங்க." "இப்ப?" "கேக்குதுங்க." "இப்பவும்?" "தெருவுக்கே கேக்குதுங்க." அதற்குப் பிறகு அவள் வாயே திறக்கவில்லை. சர்வேயருக்கு லேசாகச் சுருதி இறங்கியது.

வழியில் ஒரு பெட்ரோல் பங்க். பெட்ரோல் போட்டவர் ஸ்பீக்கரைப் பார்த்து, "இது என்ன சார்?" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். சர்வேயர் நீல ஒயரிலிருந்து ஆரம்பித்தார். நடுவில் மனைவி வந்து தோளைத் தட்டி ஏதோ சொன்னாள். "சரி சரி, ஆகட்டும்" என்று கையை ஆட்டிவிட்டு ஆம்ப்ளிஃபயருக்குத் தாவினார். பின்னால் வரிசையில் நின்ற லாரிக்காரர் ஹாரனை அலறவிட்ட பிறகுதான் ஹெல்மெட்டை மாட்டினார். கண்ணாடியில் பார்த்தார். பின்னால் மனைவியின் சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது. கிளப்பினார்.

அதற்குப் பிறகுதான் அதிசயம் ஆரம்பித்தது.

"அதோ பார், அந்தத் தண்ணித் தொட்டி. அதோட கதை தெரியுமா உனக்கு?" என்றார்.

"ம்ம்..." என்றது முன் ஸ்பீக்கர். வெறும் 'ம்ம்' இல்லை. தேன் தடவின 'ம்ம்'!

சொன்னார்.

"அட, அப்படியா?"

சர்வேயர் சீட்டிலேயே ஒரு அங்குலம் உயர்ந்தார். மேலே சொன்னார். கொஞ்சம் பொய்யும் சேர்த்தார்.

"அப்புறம்?"

அப்புறமா! அவளா கேட்டாள்? அவருக்குப் பேச்சு மடை திறந்துகொண்டது. தண்ணித் தொட்டியிலிருந்து தாலுகா ஆபீசுக்கும், அங்கிருந்து தன் முதல் மேலதிகாரியின் வழுக்கைக்கும் போனார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் 'அப்படியா'வும் 'அப்புறமு'ம் வந்து ஏறிக்கொண்டன. வண்டிகூட லேசாகப் பறந்தது. ஸ்பீக்கர் மாட்டினதில் எஞ்சினுக்கே தெம்பு வந்துவிட்டது என்று முடிவு கட்டினார். இத்தனை நாளும் குறை அவளிடம் இல்லை, காற்றில்தான் என்று நினைத்தபோது அவருக்குக் கண்கூடக் கலங்கியது.

ஒரு மணி நேரம் கழித்துச் சாலை இரண்டாகப் பிரிந்தது.

"இடது பக்கமா, வலது பக்கமா?"

"அட, அப்படியா?"

"இல்லம்மா, எந்தப் பக்கம் போகணும்னு கேக்கறேன். எனக்கு இடதுதான் சரின்னு படுது."

பிறகு அந்தக் குரல் சொன்னது:

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்."

சர்வேயர் சடக்கென்று பிரேக் போட்டார்.

இந்த வாக்கியத்தை அவர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. அவளுக்கு உடம்புக்கு ஏதும் முடியவில்லையா? வெயிலில் மயக்கமா? இதைச் சொன்ன முகம் எப்படி இருக்கும் என்று பார்த்தே ஆக வேண்டும்போல் இருந்தது. வண்டியை ஓரம் கட்டி இறங்கித் திரும்பினார்.

பின்சீட்டில் துணிப்பை உட்கார்ந்திருந்தது. ரப்பர் கயிற்றால் முதுகுச் சாய்வோடு கட்டி, அதன் தலையில் சிவப்பு ஹெல்மெட்டை நிறுத்தியிருந்தது.

"அப்புறம்?" என்றது ஸ்பீக்கர், ஆவலோடு.

பெட்டியைத் திறந்தார். அந்தக் குட்டி ஓட்டையில் ஒரு பென்டிரைவ் மினுக்கிக்கொண்டிருந்தது. பிடுங்கினார். நெடுஞ்சாலையில் அப்படி ஒரு நிசப்தத்தை அவர் அனுபவித்ததே இல்லை. போனை எடுத்தார்.

"எங்க இருக்கே நீ?"

"தங்கச்சி வீட்லங்க. பங்குக்குப் பின்னாடி மூணாவது தெரு. வீட்டை நல்லா கட்டியிருக்கா."

"ஏறவே இல்லையா நீ?"

"இங்கயே இருந்துக்கறேன், சாயந்திரம் வந்து கூட்டிட்டுப் போங்கன்னு சொன்னேனே. சரி சரி, ஆகட்டும்னீங்களே."

சர்வேயர் கோபப்படலாம் என்று பார்த்தார். கோபத்தை முந்திக்கொண்டு வேறொன்று அரித்தது.

"அத்தனையும் எப்போ பேசிப் பதிவு பண்ணினே?"

"எங்க பஸ் ஸ்டாண்டு மைக்லதான். சாப்பாட்டு இடைவேளையில. மொத்தமே நாலு பதில்தானேங்க. நடுநடுவுல இடைவெளி விட்டு டெசிபல் அண்ணன் கோத்துக் குடுத்தாரு."

"நாலா?"

"ம்ம், அட அப்படியா, அப்புறம். இந்த மூணும் எல்லாரும் சொல்றதுதான். ஒரே மூச்சுல முடிஞ்சிருச்சு."

சர்வேயர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். குரல் தானாகவே இறங்கிக் குழைந்தது.

"சரி, அந்த நாலாவது... நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னியே... அது மனசார வந்ததுதானே?"

"அதுவா? சொன்னா எப்படித்தான் இருக்கும்னு ஒரு ஆசையில சொல்லிப் பார்த்தேங்க. சிரிக்காம சொல்லி முடிக்க ஏழு தடவை ஆச்சு."