கெடாத பொருள் ஒன்று

நல்ல குழாயைக் கெடுப்பது இத்தனை சிரமம் என்று புரூஃப் ரீடருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஐம்பத்திரண்டு வயதுத் தனிக்கட்டை. சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டு அரைமணி நேரம் மல்லுக்கட்டிய பிறகு, ஒருவழியாகக் குழாய் ஒழுகியது.

எல்லாம் மெயின்டனன்ஸ்காரம்மாவால் வந்த வினை. மூன்று மாதமாக, முதல் சனிக்கிழமைதோறும் குடியிருப்பு ஆபீஸிலிருந்து வருகிறார். ஃபேனுக்கு ஒரு சொட்டு எண்ணெய், ஜன்னல் கொக்கிக்கு ஒரு முறுக்கு, அவ்வளவுதான்.

"இங்க எதுவும் ரிப்பேர் இல்லீங்களே" என்றார் இவர், முதல் நாள்.

"ரிப்பேர் ஆனா ரிப்பேர்காரர் வருவார் சார். ஆகாம பாத்துக்கறதுதான் மெயின்டனன்ஸ்."

"தமிழ்ல பராமரிப்புன்னு சொல்லலாம்." தொழில் புத்தி, திருத்தாமல் இருக்க முடியவில்லை.

"அதுல மாடு, மாமியார் எல்லாம் வந்துடும். எனக்கு ஃபேன் போதும்."

புரூஃப் ரீடர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை வருஷமோ! அதன்பிறகு இரண்டு சனிக்கிழமைகளுக்கு நடுவில் நாட்கள் நகரவே மாட்டேன் என்றன. அந்தம்மா உட்கார்ந்து தண்ணீர் குடித்த நாற்காலியில் அச்சுப்படிகளை வைக்கக்கூட மனசு வரவில்லை. பார்க்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

அதனால்தான் குழாய். வாசல் பெட்டியில் புகார்ச் சீட்டைப் போட்டார்.

வந்தவர் ரிப்பேர்காரர், கையில் பெரிய சுத்தியலோடு. ஒழுகல் நின்றது, தொட்டி இரண்டாகப் பிளந்தது.

குழாய் அந்தம்மாவின் இலாகா இல்லை போலிருக்கிறது என்று புரூஃப் ரீடர் ஃபேனின் இறக்கையை வளைத்தார். மறுபடி அதே சுத்தியல். இறக்கை நிமிர்ந்தது, ஃபேன் நின்றேவிட்டது, கூரையிலிருந்து ஒரு கூடைப் பூச்சும் உதிர்ந்தது. ஜன்னல் கொக்கியைக் கழற்றினார். ரிப்பேர்காரர் கொக்கி மாட்டிய மும்முரத்தில் ஜன்னல் கதவு தெருவில் போய் விழுந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த வீட்டில் உருப்படியாக மிஞ்சியிருந்தது அவர் ஒருவர்தான். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கெடாததைப் பார்க்க வருகிறவர், இங்கே வந்து எதைப் பார்ப்பார்? வாசலோடு திரும்பிப் போய்விட்டால்? இன்னும் ஒரு மாதமா?

சுத்தியலோடு கிளம்பியவரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே, ஃபேனையாவது ஓட வெச்சுக் குடுங்க. நாளைக்கு மெயின்டனன்ஸ்காரம்மா வருவாங்க."

"யாரு?"

"நீலக் கண்ணாடி போட்டுக்கிட்டு, எண்ணெய் டப்பாவோட வருவாங்களே, அவங்கதான்."

ரிப்பேர்காரர் தலையைச் சொறிந்தார்.

"மெயின்டனன்ஸா? நம்ம ஆபீஸ்ல ரிப்பேர் மட்டுந்தான் சார். நீங்க சொல்ற அம்மா எங்க மேனேஜர், முதல் சனிக்கிழமை அவங்களுக்கு லீவாச்சே!"