வியாழக்கிழமைக் காய்ச்சல்

லெய் சாருக்குக் காய்ச்சல் என்கிற விஷயம், பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்து முடிந்த பிறகுதான் லெய் சாருக்கே தெரிந்தது.

வியாழக்கிழமை, கடைசி பீரியட். பன்னிரண்டாம் வகுப்பு மூன்றாம் பிரிவுக்கு வாரத்தில் இருக்கிற ஒரே பி.டி. பீரியட். மைதானத்தில் பிளாஸ்டிக் கூம்புகளை வரிசையாக வைத்து, நீளம் தாண்டும் குழியில் மணலைக் கிளறிவிட்டு, கழுத்தில் விசிலோடு அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு ஈ காக்காய்கூட வரவில்லை. வந்தது கேன்டீன் சமையல்கார அம்மாள் மட்டும்தான், இடுப்பில் வெங்காயத்தாள் கூடையோடு.

"காய்ச்சலோட இப்படி வெயில்ல நிக்கலாமா சார்? போய்ப் படுங்க."

"யாருக்குக் காய்ச்சல்?"

"உங்களுக்குத்தான். போன வாரமும் உங்களுக்குத்தானே."

லெய் குவாங்ஷெங்குக்கு வயது முப்பத்துமூன்று. காலையில் மிளகாய் எண்ணெய் மிதக்கும் அரிசி நூடுல்ஸ் இரண்டு கிண்ணம் உள்ளே தள்ளிவிட்டு, அந்தச் சூடு ஆறுவதற்குள் ஆற்றங்கரை வரை ஓடித் திரும்புகிற ஆள். அவர் உடம்பில் ஊசி ஏறியது தடுப்பூசிக்கு மட்டும்தான். இத்தனை வாரமும் பிள்ளைகள் ஏதோ டெஸ்ட் எழுதுவதால் வரவில்லை என்றுதான் அந்த அப்பாவி நினைத்துக்கொண்டிருந்தார்.

நேராக ஆசிரியர் அறைக்குப் போனார். மூன்றாம் பிரிவுக்குக் கணக்கு டீச்சர் ஷென் பெய்லின். வயது லெய் சாரைவிட ஒன்றிரண்டு குறைவுதான். ஆனால் அந்தம்மா வராந்தாவில் நடந்து வந்தால், கேட்டில் இருக்கும் கிழட்டு வாட்ச்மேன்கூடச் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வார். பிளாஸ்கிலிருந்து தேநீரை ஊற்றியபடி, கொஞ்சமும் கூச்சமில்லாமல் ஒத்துக்கொண்டார்.

"ஜூன்ல நுழைவுத் தேர்வு, சார். பி.டி. பீரியடை எடுத்துக்கிட்டேன்னா பசங்க முனகுவாங்க. உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா, பாவம்னு விட்டுடுவாங்க. நாடு பூரா இப்படித்தானே நடக்குது?"

அதென்னவோ உண்மைதான். பரீட்சை நெருங்க நெருங்க, பாட்டு டீச்சர், டிராயிங் மாஸ்டர், பி.டி. சார் எல்லாரும் கூட்டமாகப் படுக்கையில் விழுவது அங்கே வழக்கம். அந்தப் பள்ளியிலேயே பாட்டு டீச்சருக்கு இரண்டு வருஷமாகத் தொண்டை கட்டியிருந்தது. டிராயிங் மாஸ்டர் மணிக்கட்டு முறிந்த நிலையில் தினமும் பாட்மிண்டன் ஆடிக்கொண்டிருந்தார்.

"ஆனா நான்தான் மைதானத்துல கண்ணுக்கு எதிரே நிக்கிறேனே, டீச்சர். பசங்க பாக்க மாட்டாங்களா?"

"வேர்வை வந்தாதான் காய்ச்சல் இறங்கும்னு டாக்டர் சொல்லியிருக்கார்னு சொல்லிட்டேன். நீங்க பாட்டுக்கு ஓடுங்க."

லெய் சாருக்கு மனசு வலித்தது. வருஷ ஆரம்பத்திலிருந்தே அவர் அடிப்படைப் பாடங்களைத் தயார் செய்து வைத்திருந்தார். முதலில் எப்படி நிமிர்ந்து நிற்பது. அப்புறம் எப்படி மூச்சு விடுவது, எப்படி ஓடத் தொடங்குவது, தாண்டிக் குதித்தால் முழங்காலை எப்படி மடக்கி இறங்குவது, விழுந்தால் அடிபடாமல் எப்படி விழுவது. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் கூன் போட்டுக்கொண்டு திரிவதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். ஆனாலும் ஷென் டீச்சரை எதிர்த்துப் பேசும் தைரியம் அந்தப் பள்ளியில் யாருக்கும் கிடையாது. பீரியட் வீணாகக்கூடாதே என்று வியாழன்தோறும் தனியாக ஓடினார், மைதானத்துக் குறுக்குக் கம்பியில் தொங்கினார், மணலில் குதித்தார், திரும்பிப் போனார்.

கல்யாணப் பேச்சு மட்டும் வந்திருக்காவிட்டால் விஷயம் அத்தோடு முடிந்திருக்கும்.

பூங்காவில் நடக்கப் போன இடத்தில் அம்மா பிடித்துவந்த சம்பந்தம். பெண்ணின் பெயர் ஜியாங் யூன், வங்கியில் வேலை. லெய் சாருக்குப் பெண்ணைப் பற்றிப் பெரிதாக ஒன்றும் தெரியாது. இரண்டு தடவை சந்தித்து, இரண்டு பேரும் மீன் சூப்பைப் பாராட்டியிருந்தார்கள். ஆனால் கல்யாணம் ஆகவேண்டும் என்று மட்டும் அவருக்கு ஆசை ஆசையாக இருந்தது. பள்ளிக் குவார்ட்டர்ஸில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து, ஒரே ஒரு ஜோடி சாப்பாட்டுக் குச்சியைக் கழுவி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். பேசுவதற்கு ஒரு ஆள் வேண்டும் என்று அவ்வளவு ஏக்கம்.

அந்த நேரம் பார்த்து பெண்ணின் அம்மா காதில் விஷயம் விழுந்தது. பக்கத்து வீட்டுப் பெண் மூன்றாம் பிரிவில் படிக்கிறாளாம். மாப்பிள்ளைக்கு வாராவாரம் காய்ச்சலாமே, நம்ம பெண்ணை நர்ஸ் வேலைக்கா அனுப்புகிறோம் என்று கேட்டுவிட்டார் அந்த அத்தை. லெய் சாரின் அம்மா ஓடிவந்து மகன் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பெற்றவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

லெய் சார் மறுபடி ஷென் டீச்சரிடம் போய் நின்றார். இனிமேல் தயவுசெய்து காய்ச்சல் என்று சொல்லவேண்டாம் என்று கெஞ்சினார். ஏன் என்று கேட்டார் டீச்சர்.

"பொண்ணு பாத்திருக்காங்க. அவங்க வீட்டுல பயப்படுறாங்க."

ஷென் டீச்சர் பிளாஸ்க் மூடியைத் திருகினார். திருகிக்கொண்டே இருந்தார். மூடி எப்போதோ இறுகிவிட்டிருந்தது.

"சரி. இனிமே காய்ச்சல்னு சொல்லல," என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அந்த வியாழக்கிழமை லெய் சாருக்கு இதய வால்வில் கோளாறு என்று வகுப்பில் அறிவித்தார்.

சாயங்காலத்துக்குள் அத்தைக்குச் செய்தி போய்விட்டது. லெய் சார் யோசித்தார். வாயால் சொன்னால் நம்பமாட்டார்கள், உடம்பால் காட்டிவிடுவோம் என்று ஒரு மூட்டை அரிசியைத் தோளில் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்குக் கிளம்பினார். லிப்ட் இல்லாத கட்டடம், ஆறாவது மாடி. துள்ளித் துள்ளி ஏறி, சிரித்த முகத்தோடு கதவைத் தட்டினார். அத்தை அவர் மார்பையே உற்றுப் பார்த்தார்.

"ஆறு மாடி ஏறி வந்திருக்கே. மூச்சு வாங்கவே இல்லையே?"

"இல்ல அத்தை," என்றார் பெருமையோடு.

"மனுஷன்னா மூச்சு வாங்கணும். வாங்கலைன்னா உள்ள ஏதோ வேலை செய்யலைன்னு அர்த்தம். முதல்ல படு."

சோபாவில் படுக்க வைத்து, நாக்குக்கு அடியில் மாமாவின் இதய மாத்திரையைத் திணித்து, கால்மாட்டில் ஒரு போர்வையும் போட்டுவிட்டார்கள். இறங்கிப் போகும்போது ஒவ்வொரு மாடியிலும் ஒருத்தர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்தது சர்டிபிகேட். லெய் சார் தானே ஆஸ்பத்திரிக்குப் போய், தன்னை உச்சி முதல் உள்ளங்கால் வரை சோதித்துப் பார்க்கச் சொன்னார். டாக்டர் அவருடைய இதயத்தைப் பார்த்துவிட்டு, மருத்துவ மாணவர்களைக் கூப்பிட்டு, நல்ல இதயம் எப்படித் துடிக்கும் என்று காட்டினார். அது வரைக்கும் சரி. ஆனால் ரத்த அழுத்த மாத்திரை வாங்க வந்த அத்தையின் தங்கை, கதவு இடுக்கு வழியாக என்ன பார்த்தாள்? சட்டையில்லாமல் படுத்திருக்கும் மாப்பிள்ளை, நெஞ்சு முழுக்க ஒயர், சுற்றிலும் கவலையோடு குனிந்து நிற்கும் ஏழெட்டு டாக்டர்கள்.

முத்திரை குத்திய சர்டிபிகேட்டை இரண்டு கையாலும் நீட்டியபோது அத்தை அதைத் தொடக்கூட இல்லை.

"நல்லா இருக்கிறவன் எவனாவது நல்லா இருக்கேன்னு சர்டிபிகேட் வாங்குவானாப்பா?" என்றார்.

நியாயமான கேள்வியாகத்தான் லெய் சாருக்கும் பட்டது.

இனி ஒரே வழிதான். நோய் எங்கே பிறந்ததோ அங்கேயே அதைத் தீர்த்துக்கட்ட வேண்டும். வியாழக்கிழமை மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் மூன்றாம் பிரிவின் கதவைப் படாரென்று திறந்து, விசிலை ஊதியபடி உள்ளே நுழைந்தார். பிள்ளைகள் திடுக்கிட்டுத் தலை தூக்கினார்கள். எல்லார் கன்னத்திலும் சட்டைக்கையின் மடிப்பு பதிந்திருந்தது. கணக்கு போட்டுப் போட்டு இந்தப் பிஞ்சுகள் எப்படித் துவண்டுவிட்டன என்று லெய் சாருக்கு ரத்தம் கொதித்தது.

"இது என் பீரியட். எல்லாரும் மைதானத்துக்கு வாங்க," என்றார்.

ஜன்னல் பக்கமிருந்து திரும்பிய ஷென் டீச்சருக்கு முகம் குப்பென்று சிவந்துவிட்டது. லெய் சார் ஜெயித்திருப்பார். ஆனால் அந்த நேரம் பார்த்து வராந்தாவில் தலைமையாசிரியர் தோங் வந்துகொண்டிருந்தார். நல்ல மனுஷன், சட்டென்று உருகிவிடுவார்.

"இந்த நிலைமையிலயுமா லெய்?" என்று கதவைப் பிடித்துக்கொண்டார். குரல் தழுதழுத்தது. "வால்வு போன மனுஷன், பீரியட் போகக்கூடாதுன்னு வந்து நிக்கிறாரே."

எனக்கு ஒன்றுமில்லை என்று லெய் சார் சொல்லச் சொல்ல, தோங் இன்னும் உருகினார். வலியை வெளியே காட்டாதவர்கள்தான் பெரிய மனிதர்கள் என்று பிள்ளைகளிடம் சொன்னார். மறுநாள் காலை பள்ளி வாசலில் சிவப்புத் துணியில் மஞ்சள் எழுத்து தொங்கியது: 'நோயோடு போராடியும் கடமை தவறாத லெய் குவாங்ஷெங் ஆசிரியரைப் பின்பற்றுவோம்'. ஊர்க்காரர்கள் அதன் அடியில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். அவருடைய அம்மாவும் எடுத்துக்கொண்டாள், அழுதுகொண்டே.

திங்கட்கிழமை கொடியேற்றத்தின்போது பாராட்டு விழா. கல்வி அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். முன்வரிசை நாற்காலியில் அத்தையும் யூனும் இருந்தார்கள். மைக் முன்னால் வந்து நின்ற லெய் சார், எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது என்று தீர்மானித்திருந்தார். என் நோய்க்குப் பெயர் ஷென் பெய்லின் என்று ஆரம்பிப்பதாகத் திட்டம்.

அப்போது தன் வகுப்பு வரிசையின் ஓரத்தில் நின்ற ஷென் டீச்சரைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டு, விரலில் ஒட்டிய சாக்பீஸ் தூளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி முன்னால் உண்மையைச் சொன்னால் அந்தம்மாவின் வேலைக்கே ஆபத்து. கல்யாணத்துக்காக ஒரு ஆளின் சோற்றில் மண் போடுவதா? ஆகவே மைக்கை விட்டுவிட்டு நேராகக் கம்பியிடம் போனார்.

தொங்கினார். தாடை கம்பிக்கு மேலே வர ஏறினார், இறங்கினார், ஏறினார். நிறுத்தவே இல்லை. கீழே குதித்து, முழங்காலை அழகாக மடக்கி இறங்கினார். புல்தரையில் உருண்டு, அடிபடாமல் விழுவது எப்படி என்று காட்டினார். வருஷம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கக் கிடைக்காத பாடம் மொத்தத்தையும் மூச்சு விடாமல் நடத்தி முடித்தார். மைதானமே அழுதது. அதிகாரி கைக்குட்டையை எடுத்துவிட்டார். போதும் லெய், நிறுத்துங்க என்று தோங் கையெடுத்துக் கும்பிட்டார். அழாமல், இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது ஷென் டீச்சர் மட்டும்தான். செய்வதையும் செய்துவிட்டு ஒரு சொட்டுக் கண்ணீர்கூட வரவில்லையே என்று லெய் சாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

விழா முடிந்ததும் அத்தை வந்தார். உடம்புக்குத் தெம்பு தரும் ஜின்செங் வேர் ஒரு பெட்டியை அவர் கையில் வைத்தார்.

"தம்பி, நீ ஊருக்கே சொந்தமான மனுஷன். உன்னைப் போய் ஒரு வீட்டுக்குள்ள கட்டிப்போட எங்களுக்கு மனசு வரல. உடம்பைப் பாத்துக்கோ," என்றார்.

யூன் பின்னாலிருந்து மரியாதையாகத் தலைகுனிந்தாள். அவள் முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதிதான் அதிகமாகத் தெரிந்தது. அவ்வளவுதான், சம்பந்தம் முடிந்தது.

கூட்டம் கலைந்த பிறகு லெய் சார் மைதானத்துப் படிக்கட்டில் உட்கார்ந்தார். கழுத்தில் விழாவில் மாட்டிவிட்ட பட்டுப்பூ, மடியில் ஜின்செங். அழுகை அழுகையாக வந்தது. இந்த ஊரில் இனி எந்தத் தாய் எனக்குப் பெண் கொடுப்பாள் என்று நினைத்துக்கொண்டார். ஒரே ஒரு லாபம், பி.டி. பீரியடை இனி யாரும் தொடக்கூடாது என்று தோங் உத்தரவு போட்டுவிட்டார்.

மூன்றாம் பிரிவின் வகுப்புத் தலைவி ஹே மியாவ் தயங்கித் தயங்கி வந்து நின்றாள். சிரிக்காத பெண், முதல் ரேங்க்.

"சார், வகுப்புல எல்லாரும் சேர்ந்து ஒரு விஷயம் கேட்டுட்டு வரச் சொன்னாங்க. வியாழக்கிழமை பீரியடை மறுபடி ஷென் டீச்சருக்கே குடுத்துடறீங்களா?"

லெய் சாருக்கு நெஞ்சில் அப்போதுதான் நிஜமாகவே ஏதோ வலித்தது.

"என் பாடத்தைவிட அந்தக் கணக்கு உங்களுக்கு அவ்வளவு உசத்தியாப் போச்சா?"

ஹே மியாவ் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வியாழக்கிழமை டீச்சர் ஒரு கணக்குக்கூடப் போட்டதில்ல சார். எங்களை மேஜையில தலை சாய்ச்சுத் தூங்கச் சொல்லிட்டு, மணி அடிக்கிற வரைக்கும் ஜன்னல்கிட்ட நின்னு உங்களைத்தான் பாத்துட்டிருப்பாங்க."