சென்னைக் கப்பலில் வந்த வயர்

இந்திராணி எதுவுமே கேட்காததுதான் ஒச்சப்பனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

புரோத்ராபூர் வீட்டுக் கூடத்தில் பாதி இடம் அவருடைய பாட்டு செட்டுக்கு. முப்பது வருஷப் பாடு. டேப் ரிக்கார்டர் போய் டெக் வந்தது. டெக்குக்காக ஆம்ப்ளிஃபயர் வந்தது. ஆம்ப்ளிஃபயருக்காகப் பீரோ உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர் வந்தன. ஒவ்வொன்று வரும்போதும் "இதுதான் கடைசி" என்பார். போன தீபாவளிக்கு இந்திராணி முடிவாகச் சொல்லிவிட்டாள். இனி ஒரு சாமான் வந்தாலும் மொத்த செட்டும் திக்லிபூரில் தம்பியின் பாக்குத் தோட்டத்துக்குப் போகும், மான் விரட்ட. சொன்னால் செய்கிறவள்.

ஆனால் தீவின் உப்புக்காற்றில் ஸ்பீக்கர் வயர் பச்சை பூத்துவிட்டதே, மனுஷன் என்னதான் செய்வார்? மாதம் ஒருமுறை சென்னை போய்வரும் துணி வியாபாரி சந்திரசேகரிடம் புது வயருக்குச் சொல்லிவிட்டார். கப்பல் வந்த அன்றே துறைமுக வாசலில் அவரை மடக்கினார்.

"வீட்டுப் பக்கம் வந்துறாதீங்க. வாயத் தொறந்துறாதீங்க."

அந்த வாரமே இந்திராணி கோயிலுக்குப் போன நேரத்தில் கட்டைவிரல் தடிமன் வயரை சோபாவுக்குப் பின்னால் ஓட்டி, பழையதைப் பரணில் போட்டார்.

பாட்டு சும்மா கணீரென்றது. வயர் பழகப் பழகத்தான் பாடும் என்பது அவர் சித்தாந்தம். அதற்கேற்ப அடுத்த வாரம் புதனைவிட வியாழன் நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை பாடகியின் மூச்சே கேட்டது.

ஆனால் மடியில் கனம் இருந்தால் வழியில் பயம்தானே. மதியச் சாப்பாட்டில் அவர் தட்டில் இரண்டு மீன் துண்டு விழுந்தது. எதற்கு இரண்டு? ரசத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை இந்திராணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முப்பது வருஷத்தில் பாட்டுக் கேட்க அவள் உட்கார்ந்ததே இல்லை.

"ஏங்க, சத்தம் மாறியிருக்கா?"

"மாறலயே. எப்பவும் போலத்தான்."

"போன வாரத்துக்கும் இந்த வாரத்துக்கும்?"

"இம்மி வித்தியாசம் கிடையாது."

"சாமி சத்தியமா?"

"பாண்டி முனி சத்தியமா."

"அச்சா, டீக் ஹை." அவள் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள். "செவ்வாக்கிழம சந்திரசேகர் அண்ணன் வந்தாரு. கப்பலேறப் போறேன், மெயின்லேண்டுக்கு எதாச்சும் கொடுத்து விடணுமான்னு."

கப்பலேறுகிறவர்கள் தெரிந்த வீடுகளில் கேட்டுவிட்டுத்தான் ஏறுவார்கள். வரும்போது அடைத்த வாயைப் போகும்போது அடைக்க ஒச்சப்பன் மறந்திருந்தார்.

"அவரு... என்ன சொன்னாரு?"

"பாவம், ஒண்ணுமே சொல்லல. பாட்டு இப்ப நல்லாக் கேக்குதான்னு மட்டும் கேட்டாரு. சோபாவுக்குப் பின்னால எட்டிப் பாத்தேன். அந்தத் தடி வயரக் கழட்டி அவருகிட்டயே கொடுத்துட்டேன். கடையில திருப்பிக் கொடுத்துட்டு கிரைண்டர் வாங்கியாறேன்னாரு. பரண்ல கிடந்தத நானே மாட்டுனேன். செவப்புல செவப்பு, கறுப்புல கறுப்பு, அம்புட்டுத்தானே."

"செவ்வாக்கிழமையேவா?"

"ஆமா."

புதன், வியாழன், வெள்ளி என்று ஒச்சப்பன் மனதுக்குள் எண்ணிப் பார்த்தார். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்?

இந்திராணி எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

"நல்லவேள, நீங்களே சத்தியம் பண்ணிட்டீங்க. இல்லாட்டி புதுசும் பழசும் ஒண்ணுதானான்னு எனக்குச் சந்தேகமாவே இருந்திருக்கும்."