ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட்

இந்த வீட்டுல ஒரே ஒரு விஷயத்துலயாவது என் பேச்சுதான் எடுபடணும்னு அன்னிக்கு முடிவு பண்ணேன். அந்த விஷயம் உப்பு.

மரக்காணம் உப்பளத்துல பதினெட்டு வருஷமா மேஸ்திரிங்க நான். பாத்தித் தண்ணியை ஒரு சொட்டு நாக்குல வச்சா போதும், உப்பு எப்போ விளையும்னு சொல்லிடுவேன்.

எங்க ரெண்டு வயசு நிவேதாவுக்கு விடிஞ்சதுலேருந்து வாந்தி, பேதி. நர்ஸம்மா சவரியம்மாள்கிட்ட ஊசி போடச் சொல்லிக் கெஞ்சினேன்.

"ஏம்பா, இது தொத்திக்கற வைரஸ். ஊசிக்கெல்லாம் போவாது, தானா சரியாவும். அதுவரைக்கும் உடம்புல தண்ணி குறையாம பாத்துக்க. ஒரு லிட்டருக்கு ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட். கூட்டாத, குறைக்காத. மத்தியானம் ரெண்டு மணிக்குள்ள ஒண்ணுக்குப் போவலைன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடு."

மணி பத்து. ஒண்ணுக்குப் போவாம புள்ளை ஜட்டி காஞ்சு கெடக்குது. புள்ளை கண்ணு உள்ளே போயிடுச்சு.

என் பொண்டாட்டி ஜெயப்ரியா கலக்கினதை நாக்குல வச்சுப் பாத்தேன்.

"என்னடி, சப்புன்னு இருக்குது?"

"அளவு அவ்ளோதாங்க."

"உப்புக்காரன் பொண்ணுக்கு இது பத்துமா? நம்ம அளத்து உப்பு கொஞ்சம்..."

"உப்பு கூடினா புள்ளைக்கு ஆபத்து! ஒரு கல்லு போட்டீங்க, நடக்கறதே வேற!"

"பதினெட்டு வருஷமா உப்புத் தண்ணியில நிக்கிறேன்டி!"

"நின்னீங்க. குடிச்சீங்களா?"

அவ புள்ளையைக் கழுவி விடப் போன நேரம் பாத்து அடுப்படிக்குள்ள பூந்தேன். அவ கலக்கி வச்சிருந்த பச்சை மூடி பாட்டில். ஒரு பிடி உப்பு. குலுக்கினேன். நானா கொக்கா!

கூடத்துக்கு வந்தா, அவ டம்ளர்லேருந்து ஸ்பூன் ஸ்பூனா ஊட்டிக்கிட்டு இருக்கா. அப்பதான் அந்த 'ஆபத்து' மண்டையில உறைச்சுது. சொல்லவும் தைரியம் இல்லை, சொல்லாம இருக்கவும் முடியலை. மணி ஒண்ணு. ஜட்டி காஞ்சுதான் இருக்குது. ஒண்ணரை. புள்ளையை வாங்கி மடியில போட்டுக்கிட்டு ஓன்னு அழுதுட்டேன்.

"ஜெயா, கொடுக்காத! நான் பாவி, அதுல ஒரு பிடி உப்பு போட்டுட்டேன்!"

அவ ஸ்பூனை நிறுத்தவே இல்லை.

"தெரியும்."

"தெரிஞ்சுமா ஊட்டறே?"

"இது பீரோவுக்குள்ள பூட்டி வச்ச பாட்டில். அடுப்படியில இருக்கறது நீங்க கை வைக்கறதுக்குன்னே வச்சது."

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள மடி வெதுவெதுன்னு நனைஞ்சுது. என் வேட்டி பூரா ஈரம். அந்த ஈரத்தோட எழுந்து புள்ளையைத் தூக்கிக்கிட்டு ஆடினேன். கை கழுவச் சொல்லி அவ கத்தினது காதுலயே ஏறலை.

ரெண்டு நாள் ஆச்சு. நிவேதா வாசல்ல கோழியை விரட்டுறா. நான் கக்கூஸுக்கும் கட்டிலுக்கும் நடக்கறேன்.

"ஜெயா, அந்தப் பவுடரைக் கலக்கிக் கொடேன். ஒரு லிட்டருக்கு ஒரு பாக்கெட், அளவா..."

"அது உங்களுக்குச் சப்புன்னு இருக்குங்க"ன்னு சொல்லி, பச்சை மூடி பாட்டிலை நீட்டினா.