மீன்தலைக் கறிக்கு வழி சொன்ன கம்ப்யூட்டர்

சிங்கப்பூரில் வானத்தைப் பார்த்துக்கொண்டே சாலையைக் கடந்து, இன்னும் உயிரோடு இருக்கும் ஒரே மனிதர் எங்கள் ‘ஏரியல்’தான். பாலிடெக்னிக் முடித்த கையோடு ஃபேரர் பார்க்கில் ஒரு வேன் கம்பெனியில் சேர்ந்தேன். அங்கே அவர் ரேடியோ மெக்கானிக். மழையில் நனைந்துகொண்டே வருவார். குடைக் கம்பியெல்லாம் ரேடியோ ஏரியலாகிக் கூரையில் நிற்கும்.

அந்த வருடம் காத்தோங் பக்கம் போன வேன்களின் ரேடியோவில் ஒரே இரைச்சல். “பார்சலை எடு” என்றால் டிரைவருக்குக் “கர்ர்” என்றுதான் கேட்கும். முதலாளி ஏரியலுக்குக் கெடு வைத்தார்.

“எங்கேருந்து வருதுன்னு தீபாவளிக்குள்ள கண்டுபிடி. இல்லன்னா நீயும் வேணாம், நீ வீட்லேருந்து தூக்கிட்டு வந்த கம்ப்யூட்டரும் வேணாம்!”

ஏரியல் அசரவில்லை. இரைச்சலை அளக்கும் பெட்டிகளை மூன்று வேன்களில் ஏற்றினார். டிரைவர்கள் கொண்டுவரும் அளவுகளைக் கம்ப்யூட்டர் தானே படித்து, பெட்டிகளை அடுத்து எங்கே நிறுத்தலாம் என்று சொல்லுமாம்.

“கம்ப்யூட்டர் படிக்குமாண்ணே?”

“உன்னைவிட நல்லாவே படிக்கும் லா. பரீட்சைக்கு முதல் நாள் வரைக்கும் காத்திருக்காது.”

படித்தது. மூன்று பெட்டிகளையும் மீன்தலைக் கறிக் கடை வாசலில் நிறுத்தச் சொன்னது. மறுநாள் பிரியாணிக் கடை. அதற்கடுத்து ரோஜாக் கடை. டிரைவர்களுக்குக் கம்ப்யூட்டர்மீது பக்தியே வந்துவிட்டது. மூத்த டிரைவர் செல்வத்தை மடக்கினேன்.

“அண்ணே, இவ்வளவு நாளா எங்க நின்னு அளந்தீங்க?”

“ஓட்டிக்கிட்டே எப்படிப்பா அளக்கிறது? சாப்பிட நிறுத்துறப்பதான்!”

ஏரியல் விழுந்து விழுந்து சிரித்தார். “பாத்தியா, நாம சொல்லிக்கொடுத்ததை எவ்வளவு ஒழுங்கா படிச்சிருக்கு!”

உடனே உத்தரவு: சோறு கிடைக்காத இடத்தில்தான் இனி அளக்க வேண்டும். கிடங்கு, கால்வாய்க்கரை, கல்லறை என்று டிரைவர்கள் பசியோடு சுற்றினார்கள். ஏரியலின் பரம்பரையையே திட்டினார்கள்.

தீபாவளிக்கு முதல் நாள் கம்ப்யூட்டர் காத்தோங்கில் ஒரு குறுகிய தெருவைக் காட்டியது. பெட்டிகளை நிறுத்தினோம், முள் எகிறியது. ஒரு வீட்டு மாடியில், டிவி படம் தெளிவாகத் தெரிய மாட்டிய பழைய பூஸ்டர்! வீட்டுக்காரரிடம் கேட்டு ஏரியல் அதைக் கழற்றினார். அந்த நொடியே வேன் ரேடியோவில் முதலாளியின் குரல் கணீரென்று கேட்டது. எங்களைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் திரும்பியதும், “யாருப்பா கண்டுபிடிச்சது?” என்றார் முதலாளி.

“இதுதான் முதலாளி,” என்று ஏரியல் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொடுத்தார்.

“சரி, ரெண்டு பேரும் இருங்க,” என்று சொல்லிவிட்டுப் போனார் முதலாளி.

பசியில் திட்டிய செல்வமே ஓடிப்போய் நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக் டீ வாங்கிவந்து நீட்டினார். ஏரியல் அதை வாங்கி, பயபக்தியோடு கம்ப்யூட்டர் முன்னால் வைத்தார். நான் கீழே போய் அவருக்கு இன்னொன்று வாங்கி வந்தேன்.