கொல்லாங்கொட்டைச் சிலுவை

வெள்ளிக்கிழமை காலை ஏழே முக்கால் மணி. கஞ்சிக்கு உட்கார்ந்திருந்த என் மகள் ரூத் துவையலுக்குக் கை நீட்டினாள். சட்டைக் கை சற்று மேலேறியது. முழங்கைக்குக் கீழே நான்கு இதழுள்ள ஒரு பூ, கறுத்துப் பொருக்கேறி இருந்தது. நான் கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தேன்.

முந்திரியை எங்கள் பக்கத்தில் கொல்லாங்கொட்டை என்போம். பச்சைக் கொட்டையின் தோட்டில் ஓர் எண்ணெய் உண்டு. அது பட்ட இடம் வெந்து, பொருக்கு உதிர்ந்தபின் தழும்பு ஆயுசுக்கும் நிற்கும். தோப்பில் பெண்பிள்ளைகள் அதைத் தென்னை ஈர்க்குக் குச்சியால் தொட்டுக் கையில் பூவும் நட்சத்திரமும் போட்டுக்கொள்வார்களாம். (பள்ளிக்கூடத்தில் சுகாதாரப் பாடம் எடுக்கும் எனக்கு இது அன்றுதான் தெரிந்தது.)

"ஏட்டி, என்ன காரியம் செய்து வச்சிருக்க?"

"பச்சை குத்தப்பிடாதுண்ணுதானே சொன்னிய? நான் ஊசியத் தொடவே இல்லப்பா."

உண்மைதான். பச்சை குத்துவது எங்கள் சபையில் ஆகாது. ஆனால் கொல்லாங்கொட்டையைப் பற்றி எந்தப் போதகரும் வாய் திறந்ததில்லை. அந்த இடைவெளியில்தான் இவள் நுழைந்திருக்கிறாள்.

மறுநாள் நாகர்கோவில் மிஷனிலிருந்து வெள்ளைக்கார மதாம்மா வருகிறார். அவருடைய ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். வீட்டையும் பெண்ணையும் நேரில் பார்த்த பிறகே சேர்ப்பது அவர் வழக்கம். அந்த இடம் கிடைக்காவிட்டால் தை மாதத்துக்குள் ரூத்துக்குக் கல்யாணம் என்று என் அண்ணன் பிடிவாதமாக இருந்தார். படித்தே தீருவேன் என்று ரூத். படிக்க வைத்தே தீருவேன் என்று நான்.

"முழுக்கைச் சட்டை போட்டா தீர்ந்துது. எதுக்கு இந்த வெப்ராளமும் பதட்டமும்?" என்றாள் என் மனைவி.

இவ்வளவு எளிய யோசனையைப் படித்தவன் ஏற்க முடியுமா? நான் வேறொன்று கண்டுபிடித்தேன். பூவின் நான்கு இதழையும் கொஞ்சம் நீட்டிவிட்டால் சிலுவை. சிலுவையைப் பார்த்து மதாம்மா எப்படிக் கோபிப்பார்?

"இது எனக்க கை," என்றாள் ரூத். "முதல்ல ஒங்க கையில போட்டுப் பாருங்க."

அது விஞ்ஞான முறையாக எனக்குத் தோன்றியது. கொட்டையை உடைத்து, ஈர்க்கைத் தோய்த்து, இடது கையில் சிலுவை வரைந்தேன். எண்ணெய் நான் சொன்ன இடத்தில் நிற்கவில்லை. வழித்து விட்டேன். வியர்த்தது, முகத்தைத் துடைத்தேன். யோசித்தேன். யோசிக்கும்போது மீசையை முறுக்குவது என் பழக்கம். அன்று நான் நிறைய யோசித்தேன்.

சனிக்கிழமை விடிந்தபோது ஒரு கண் திறக்கவில்லை. மேலுதடு மூக்கைத் தொட்டது. கையில் சிலுவைக்குப் பதிலாக ஒரு நண்டு கொப்பளித்துக் கிடந்தது.

"அடுக்களைய விட்டு வெளிய வரப்பிடாது, சொல்லியாச்சு," என்றாள் மனைவி, என் முகத்தில் தேங்காயெண்ணெயைத் தடவியபடி. "புள்ளைக்க காரியத்த நான் பாத்துக்கிடுதேன்."

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. மகளின் எதிர்காலம் வாசலில் நிற்கும்போது தகப்பன் அடுக்களையில் இருப்பதா? போனேன். ஒரு வாரமாகப் பழகி வைத்திருந்த ஆங்கில வரவேற்பைச் சொன்னேன். உதட்டிலிருந்து காற்று மட்டுமே வந்தது.

மதாம்மா இரக்கத்தோடு என்னைப் பார்த்தார். அவருடைய தமிழ் வேதப்புத்தகத் தமிழ். "ஐயோ பாவம், நீர் கொட்டை உடைக்கிறவரோ? கையில் எண்ணெய் பூசாமல் உடைக்கலாகாது. இந்த வீட்டில் எழுத்தறிந்தவர் எவரேனும் உண்டோ?"

என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். ஆமாம், கொட்டை உடைக்கிறவன்தான் என்று தலையாட்டிவிட்டு அடுக்களைக்கே திரும்பிவிடலாம் என்று நான் காலெடுத்தேன். அதற்குள் ரூத் முன்னால் வந்துவிட்டாள். முழுக்கைச் சட்டைதான், ஆனால் கையைச் சுருட்டி விட்டிருந்தாள்.

"இது எனக்க அப்பா. பள்ளிக்கூடத்து வாத்தியாரு."

மதாம்மா கண்ணாடியைச் சரிசெய்து அவள் கையைப் பார்த்தார். பிறகு என் கையைப் பார்த்தார். மறுபடியும் அவள் கையைப் பார்த்தார்.

"இவற்றைச் செய்தது யார்?"

"இந்தப் பூவ நான் போட்டேன். அந்த நண்ட அப்பா போட்டாரு."

"நண்டா?"

"சிலுவைண்ணு நெனச்சுத்தான் போட்டாரு. எனக்க பூவப் பாத்தா நீங்க எனக்கு எடம் தரமாட்டியண்ணு அவருக்குப் பயம்."

"உனக்குப் பயமில்லையோ?"

"உண்டு. ஆனா மறைச்சுட்டு வந்தா பெறவு தெனமும் பயப்படணும்லா."

"பள்ளியில் இப்படிச் செய்வாயோ?"

"செய்யமாட்டேன். ஆனா இத அழிக்கச் சொல்லப்பிடாது."

நான் திறந்திருந்த கண்ணையும் மூடிக்கொண்டேன். மதாம்மா குடையை எடுக்கும் சத்தம் கேட்டது. என்னிடம் பேசிப் பயனில்லை என்று கண்டுகொண்டவர்போல் என் மனைவியிடம் சொன்னார்:

"பெண் ஜூன் மாதம் வரட்டும். அழைத்து வருவதற்கு வேறு யாரையாவது அனுப்புங்கள்."